ஐம்பத்திரண்டு நிமிடச் சாப்பாடு

ஒன்றரை வருடமாக என் மனைவி என் கண்முன்னால் ஒரு வாய்கூடச் சாப்பிட்டதில்லை. இதை வெளியில் சொன்னால் சண்டையா என்று கேட்பார்கள். சண்டை எல்லாம் ஒன்றுமில்லை. நாக்கில் புற்றுநோய் வந்து, இடது பக்கம் மூன்றில் ஒரு பங்கை வெட்டி எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். பேச்சு கொஞ்சம் குழறும், சாப்பிட நேரம் பிடிக்கும், சில சமயம் வாயோரம் வழியும், அவ்வளவுதான் என்று சொல்லி மருத்துவர் எங்களை வீட்டுக்கு அனுப்பினார். அந்த 'அவ்வளவுதான்' என்னவென்று அவர் ஒரு நாள் எங்கள் வீட்டில் வந்து இருந்து பார்த்திருக்க வேண்டும்.

முதல் இரண்டு மாதம் நான்தான் எதிரில் உட்கார்ந்து அவளைச் சாப்பிட வைத்தேன். பிறகு ஒரு நாள், தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனவள் கதவைச் சாத்திக்கொண்டாள். நாலு நாளில் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். அன்றிலிருந்து இதே கதைதான். எனக்குப் பரிமாறுவாள். நான் கை கழுவி எழுந்த பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். இருபத்தாறு வருடம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் நாங்கள். அவள் தட்டிலிருந்து எடுத்துத் தின்பது என் கெட்ட பழக்கம். உங்களுக்கு வைத்ததைத் தின்னுங்கள் என்று திட்டுவாள், திட்டிக்கொண்டே தட்டை என் பக்கம் நகர்த்தவும் செய்வாள். இப்போது எனக்கு எதிரில் செய்தித்தாள்தான் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு இது பழகவே இல்லை.

அவளுக்கு வேலை மூக்குக் கண்ணாடிக் கடையில். வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்துப் பார்வை அளந்து சொல்லுவாள். ஆறு மாத விடுப்பு முடிந்ததும் அதே கடைக்குத் திரும்பிவிட்டாள். ஒரு நாள் சாயங்காலம் கடையிலிருந்து வந்தவள், என் முன்னால் இரண்டு நாடக டிக்கெட்டுகளை வைத்தாள். சிரிப்பு நாடகமாம். அடுத்த மாதம், ஏழு மணிக்கு.

"அதுக்கு முன்னாடி எங்கயாவது வெளியில சாப்பிட்டுட்டுப் போலாம்" என்றாள்.

அவள் பேச்சின் குழறலை நான் இங்கே எழுதிக் காட்டப் போவதில்லை. எனக்கு அவள் சொல்வது எல்லாமே புரியும். அன்றைக்கு மட்டும் நான் சரியாகத்தான் கேட்டேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"சேர்ந்தா?" என்று கேட்டேன்.

"சேர்ந்துதான். கொஞ்சம் கூட்டமா இருக்குற இடமாப் பாருங்க."

முதல் பாதியைக் கேட்டதுமே எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாம் பாதி காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. கலகலப்பான இடம் எனக்குப் பிடிக்கும் என்பதால் எனக்காகச் சொல்கிறாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். பாவம், இவளுக்கு எதற்கு அந்தச் சங்கடம், நாமே பார்த்து நல்ல இடமாகத் தேடுவோம் என்று கிளம்பிவிட்டேன்.

தேடுவது என் தொழில் மாதிரிதான். நான் பேருந்து டிப்போவில் கால அட்டவணை போடுகிறவன். புதுத் தடம் ஒன்று விடுவதென்றால் முதலில் நானே அந்த வழியில் நாலு தடவை போய்வருவேன். எங்கே சிக்னல், எங்கே பள்ளிக்கூடம், எந்த நிறுத்தத்தில் கிழவர்கள் ஏறுவார்கள், எல்லாவற்றையும் குறித்துக்கொண்டுதான் நேரம் போடுவேன். டிரைவர்கள் என் முதுகுக்குப் பின்னால் என்னை 'நிமிஷம்' என்று கூப்பிடுகிறார்கள். 'நிமிஷம் வராரு, டீயைக் கீழ வை' என்று ஒருமுறை என் காதுபடவே சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். என் அட்டவணையால் இதுவரை யாரும் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டதில்லை.

பத்து நாள், வேலை முடிந்ததும் நாடக அரங்கத்தைச் சுற்றியிருந்த ஹோட்டல்களுக்குப் போனேன். ஒவ்வொன்றிலும் ஒரு சூப் வாங்கிக் குடித்துவிட்டு நோட்டம் விட்டேன். அந்தப் பத்து நாளில் குடித்த அளவுக்கு சூப்பை நான் என் ஆயுளில் குடித்ததில்லை.

அரங்கத்துக்கு நேர் எதிரில் இருந்ததை வாசலிலேயே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டேன். மேஜையோடு மேஜை முட்டிக்கொண்டிருந்தது. ஒருவர் முழங்கை இன்னொருவர் தட்டில் இருந்தது. இங்கே இவளைக் கொண்டுவந்து உட்கார வைத்தால் நூறு கண் பார்க்கும். அடுத்ததில் சுவர் முழுக்கக் கண்ணாடி. சூப்பை உறிஞ்சுகிற என் மூஞ்சியை நாலு திசையிலும் நானே பார்த்தேன், எனக்கே சகிக்கவில்லை. மூன்றாவதில், பரிமாறுகிறவர் இரண்டு வாய்க்கு ஒரு தடவை வந்து எல்லாம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டார். வாயில் சாப்பாட்டை வைத்துக்கொண்டு அவளால் பதில் சொல்ல முடியாது. நாலாவதில் வெளிச்சமே இல்லை. சூப்பில் கிடந்த மீன் துண்டில் முள் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

ஐந்தாவது ஹோட்டல் பின்தெருவில் இருந்தது. மதியம் அலுவலகக்காரர்கள் வந்து போகிற இடம், சாயங்காலம் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே மூலையில் மரத் தடுப்புக்குப் பின்னால் ஒரு மேஜை. ஒரு நாற்காலி சுவரைப் பார்த்தபடி. கழுவுமிடம் ஆறு அடி தூரத்தில். பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. பரிமாறுகிற அம்மாள் ஐம்பது வயதுக்காரர், அக்கறையாகக் கேட்டுக்கொண்டார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சோற்றைக் குழைய வேக வைக்க வேண்டும், காயை மசிக்க வேண்டும், காரம் கூடாது, சூடு கூடாது, நடுவில் வந்து எதுவும் கேட்கக் கூடாது. எழுதியே வைத்துக்கொள்கிறேன் சார் என்றார்.

இடம் அமைந்துவிட்டது. எவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான் தெரியவில்லை. ஏழு மணி நாடகத்துக்கு எத்தனை மணிக்கு உட்கார வேண்டும்? அவளைக் கேட்டிருக்கலாம். கேட்டால் மனம் மாறிவிடுவாளோ என்று பயம். அதனால் தினமும் அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும், நான் செருப்பைக் கழற்றிவிட்டு, கதவுக்கு வெளியே நடையில் போய் நின்றேன். ஸ்டூல் இழுபடுகிற சத்தம் புறப்பாடு, குழாய் திறக்கிற சத்தம் வருகை. பதினோரு நாள் அப்படி நின்றேன். உள்ளே இருமல் கேட்கும்போதெல்லாம் என் கை கதவுப் பிடி வரைக்கும் போய்த் திரும்பும். குறைந்தது நாற்பத்தாறு நிமிடம், அதிகம் அறுபத்தொன்று, சராசரி ஐம்பத்திரண்டு.

திருட்டுத்தனமாக நிற்கிறோமே என்று தோன்றவில்லையா என்றால், தோன்றியது. ஆனால் அவள் சாப்பிடுகிற இடத்துக்கு அவ்வளவு பக்கத்தில் நான் நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கணக்குப் போட ஐந்து நாளே போதும். மீதி ஆறு நாள் சும்மாதான் போய் நின்றேன்.

நாடகத்தன்று நாலரைக்கே அவள் தயாராகிவிட்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு போடாமல் வைத்திருந்த தோடுகளைப் போட்டிருந்தாள். நல்லா இருக்கு என்றேன். முன்னாடி பார்த்து நடங்க என்றாள். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, எதிர் ஹோட்டலில் எப்போதும் கூட்டம் அலைமோதும் என்று கடையில் சொல்வார்களே, அங்கேயா போகிறோம் என்று கேட்டாள். அதைவிட நல்ல இடம் என்றேன். அரங்கத்தைத் தாண்டி, எதிர் ஹோட்டலையும் தாண்டி, அவளைப் பின்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த எதிர் ஹோட்டல் வாசலில் அவள் நடை கொஞ்சம் தயங்கியதை நான் கவனித்தேன். கால் வலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. தடுப்புக்குப் பின்னால் போய், சுவரைப் பார்த்த நாற்காலியை அவளுக்காக இழுத்துப் போட்டேன்.

"யாருமே இல்லையே" என்றாள்.

"அதுக்குத்தான் இந்த இடமே. பத்து நாள் தேடினேன்."

அவள் உட்கார்ந்தாள். சுவரில் ஒரு பழைய காலண்டர் ஆணி மட்டும் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். என் தட்டில் சோறும் வறுத்த மீனும். அவள் தட்டில் எல்லாம் மசிந்து மூன்று குவியலாக இருந்தது. சொன்னதைச் சொன்னபடியே செய்திருந்தார். அத்தோடு போயிருக்கலாம். நல்ல மனுஷி, ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல நினைத்துவிட்டார்.

"அவசரமே இல்லம்மா, மெதுவாச் சாப்பிடுங்க. உங்களுக்கு அம்பத்திரண்டு நிமிஷம் ஆகும்னு சார் சொல்லியிருக்காரு. நாங்க யாரும் இந்தப் பக்கமே வர மாட்டோம்."

அவர் போன பிறகு அவள் கரண்டியைத் தொடவில்லை. அம்பத்திரண்டா என்று கேட்டாள். நான் ஏதோ பூசி மெழுகப் பார்த்தேன். அவளிடம் அதெல்லாம் நடக்காது. நாள் முழுக்க மனிதர்களின் கண்ணுக்குள் பார்க்கிறவள். எங்கே நின்றீர்கள் என்று கேட்டாள். நடையில் என்றேன். எத்தனை நாள் என்று கேட்டாள். பதினொன்று என்றேன். அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என் தொழில் புத்தி என்னை விடவில்லை. அம்பத்திரண்டு என்பது சராசரிதான், சில நாள் நாற்பத்தாறிலேயே முடித்துவிடுகிறாய் என்று அவளுக்கு விளக்கம் வேறு சொன்னேன். பாராட்டுகிறேன் என்று நினைப்பு.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. தன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, நாற்காலியைத் திருப்பி என்னை நேருக்கு நேர் பார்த்து உட்கார்ந்தாள்.

"நீங்க சாப்பிடுங்க. நான் பாக்குறேன்."

வேண்டாம் என்று கெஞ்சினேன். சாப்பிடுங்க என்றாள் மறுபடியும். எடுத்தேன். முதல் வாயை நான் வாய்க்குக் கொண்டுபோனபோது அவள் என் உதட்டையே பார்த்தாள். மெல்லும்போது தாடையைப் பார்த்தாள். விழுங்கும்போது தொண்டையைப் பார்த்தாள். கையில் ஒரு துணியை மடித்துத் தயாராக வைத்துக்கொண்டிருந்தாள். அது என்னுடைய வேலை, அந்த இரண்டு மாதமும் நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். நாலாவது வாய் தொண்டையில் நின்றது. ஐம்பத்தைந்து வயதில், வாயில் எந்தக் குறையும் இல்லாத எனக்கு, ஒரு பிடி சோற்றை எப்படி விழுங்குவது என்று மறந்துபோயிற்று. தண்ணீரைக் குடித்து உள்ளே தள்ளினேன். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"நான் வாயைத் தொறந்தா உங்க வாயும் தொறக்குது" என்றாள். "நான் முழுங்கினா நீங்களும் முழுங்குறீங்க. நான் ரெண்டு பேருக்குச் சேர்த்து முழுங்க வேண்டியிருக்கு."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அன்றைக்குச் சொன்னது, இங்கே வேறு யாரும் இல்லையே, யார் பார்க்கப் போகிறார்கள் என்பதுதான். அவள் எழுந்து, சரி கிளம்பலாம், நாடகத்துக்கு நேரமாச்சு என்றாள். நேரம் ஒன்றும் ஆகவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் பாக்கி இருந்தது. அவள் தட்டில் மூன்று குவியலும் வைத்தது வைத்தபடி இருந்தன. அந்த அம்மாள் வாசல் வரை வந்து, சாப்பாடு பிடிக்கலையாம்மா என்று கேட்டார். ரொம்ப நல்லா இருந்துச்சு என்று அவள் அவர் கையைத் தொட்டுச் சொன்னாள்.

அரங்க வாசலில் ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு என்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவளாக வாயைத் திறந்து கேட்ட ஒரே ஒரு சாயங்காலத்தைக் குட்டிச்சுவராக்கிவிட்டேன். இனிமேல் அவள் என்னோடு வெளியில் சாப்பிட வரப் போவதில்லை என்று தெரிந்துபோனது. கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

நாடகம் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் குடியிருக்கிற அண்ணன் தம்பி, சுவர் யாருக்குச் சொந்தம் என்று சண்டை. அரங்கம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. அவளும் சிரித்தாள். நான் அவள் மதியத்திலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையே என்று கணக்குப் பண்ணிக்கொண்டிருந்தேன்.

இடைவேளை விட்டார்கள். கழிப்பறைக்குப் போய்வருகிறேன் என்று அவள் எழுந்து போனாள். கொஞ்ச நேரம் பார்த்தேன். பசி மயக்கத்தில் எங்காவது விழுந்து கிடக்கிறாளோ என்று பதறி நானும் வெளியே வந்தேன். வெளிக்கூடத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். ஒரு பக்கம் காப்பியும் கேக்கும் விற்றுக்கொண்டிருந்தார்கள். நின்றபடி சாப்பிட உயரமான வட்ட மேஜைகள் போட்டிருந்தார்கள். அதில் ஒன்றில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கேக்கைப் பிய்த்துக் காப்பிக்குள் போட்டு, ஊறியதும் கரண்டியால் எடுத்து, வாயின் வலப் பக்கமாக உள்ளே தள்ளி, முகவாயை லேசாகத் தூக்கித் தலையைச் சாய்த்து விழுங்கினாள். இந்த வித்தையை எப்போது கற்றுக்கொண்டாள் என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் யாரோ ஒரு பருத்த பெண்மணி, எங்களுக்குத் தெரிந்தவரே இல்லை, வாய் நிறையக் கேக்கோடு நாடகத்தைப் பற்றி ஏதோ சொன்னார். இவள் சிரித்தாள். சிரித்ததில் காப்பி வாயோரம் வழிந்தது. புறங்கையால் துடைத்துவிட்டு, குழறிய பேச்சில் பதில் சொன்னாள். அந்தப் பெண்மணிக்குப் புரியவில்லை போலிருக்கிறது, காதை நீட்டினார். இவள் மறுபடியும் சொன்னாள். இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். முன்னால் பின்னால் இடித்துக்கொண்டு போகிற அத்தனை பேர் நடுவில், ஒருவர்கூட அவளைக் கவனிக்காத இடத்தில், என் மனைவி ஆற அமரச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஊருக்குப் பயந்து அவள் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. ஊரே அவள் சாப்பிடுவதைப் பார்க்கலாம், நான் ஒருவன்தான் பார்க்கக் கூடாது. கூட்டமாக இருக்கிற இடம் வேண்டும் என்று அவள் கேட்டது, என் கண் கொஞ்ச நேரமாவது வேறு பக்கம் போகுமே என்பதற்காக. இது புரிந்தபோது யாரோ நெஞ்சில் கையை வைத்துத் தள்ளியது போல இருந்தது. ஓடிப்போய் அந்த மேஜையில் மூன்றாவது ஆளாக நிற்க வேண்டும் போலவும் இருந்தது.

அவள் தலை என் பக்கம் திரும்பப் போனது. நான் சட்டென்று தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். தூணில் அடுத்த மாத நாடகத்தின் போஸ்டர் ஒட்டியிருந்தது. அதைப் படிக்கிறவனைப் போல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். நடிகர்கள், இசை, ஒளியமைப்பு என்று ஒரு பெயர் விடாமல் படித்தேன், மறுபடி மேலிருந்து படித்தேன். அவள் கடைசி வாய் வரைக்கும் முடிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். முதல் மணி அடித்ததும், அவள் கண்ணில் படாமல் சுவரோரமாகவே நடந்து முன்கூட்டியே என் இடத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டாவது மணிக்குப் பிறகுதான் அவள் வந்தாள். பலர் முழங்காலைத் தாண்டி வந்து உட்கார்ந்தாள். அவளிடமிருந்து காப்பி வாசம் வந்தது.

"பசிக்குதா?" என்று கேட்டேன்.

"இல்ல. வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்."

சரி என்றேன். கொஞ்ச நேரம் மேடைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அடுத்த மாதம் இங்கே இன்னொரு நாடகம் போடுகிறார்களாம், நல்ல கோஷ்டி என்றேன். அப்படியா என்றாள்.

"எனக்கு அன்னிக்கு டிப்போல வேலை இருக்கு. நீ மட்டும் போயிட்டு வாயேன்."

அவள் என் பக்கம் திரும்பினாள். என்ன வேலை என்று கேட்பாள், நீங்கள் இல்லாமல் எதற்கு என்பாள் என்று ஒரு கணம் எதிர்பார்த்தேன். கல்யாணமான இத்தனை வருடத்தில் நான் இல்லாமல் அவள் ஒரு நாடகம் பார்த்ததில்லை.

"சரிங்க" என்றாள். "கடையிலேருந்து நேரா வந்து, இங்க எங்கயாவது சாப்பிட்டுக்குறேன்."

விளக்குகளை அணைத்தார்கள்.